ஃபார்மட் செய்யவா என்று கேட்டால், வேண்டாம் என்று சொல்லுங்கள்

முகூர்த்த மாதங்களில் எனக்கு வரும் போன்களில் ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வரும். “எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கைச் சொருகுறேன், கம்ப்யூட்டர் எடுக்க மாட்டேங்குது. உள்ள இருக்கிறதெல்லாம் போயிருச்சா?” கேட்பவர் பெரும்பாலும் ஸ்டுடியோ வைத்திருப்பவர். சில சமயம் ஆய்வேட்டை முடிக்கும் நிலையில் இருக்கும் மாணவி. ஒருமுறை, மறைந்த கணவரின் குரல் அந்த டிஸ்க்கில் மட்டும்தான் இருக்கிறது என்று சொன்ன ஓர் அம்மா.

என் பதில் அநேகமாக எல்லோருக்கும் ஒன்றுதான். பெரும்பாலும் போயிருக்காது. கம்ப்யூட்டர் ஒரு டிஸ்க்கைக் காட்டவில்லை என்பதும், டிஸ்க்கில் இருந்தது அழிந்துவிட்டது என்பதும் ஒன்றல்ல. நான் பார்த்தவரை, உள்ளே பத்திரமாக இருந்த படங்களை அழித்தது பல நேரம் டிஸ்க்கின் பழுது அல்ல. பதற்றத்தில் அடுத்த அரை மணி நேரத்துக்குள் யாரோ செய்த ‘சரிசெய்யும்’ வேலைதான். அதனால்தான் இதை இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். இப்போது உங்கள் கையில் அப்படி ஒரு டிஸ்க் இருந்தால், முதலில் அதைக் கழற்றி மேசை மேல் வையுங்கள். அது அங்கேயே இருக்கட்டும். படித்து முடித்துவிட்டு மறுபடி எடுக்கலாம்.

டிஸ்க்கைச் சொருகியதும் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். கேபிள் வழியாக முதலில் மின்சாரம் போகிறது. உள்ளே இருக்கும் தகடுகள் சுழலத் தொடங்குகின்றன. கையடக்க டிஸ்க்குகளில் நிமிடத்துக்கு 5400 சுற்று என்பது வழக்கமான வேகம். வேகம் பிடித்ததும் ஹெட் என்கிற படிக்கும் முனை தகட்டுக்கு மேலே வருகிறது. டிஸ்க் தன்னுடைய சொந்த விவரங்களையே அந்தத் தகட்டிலிருந்துதான் படித்துக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகு, கேஸுக்குள் இருக்கும் சின்ன போர்டு யுஎஸ்பி வழியாகத் தான் யார், எவ்வளவு கொள்ளளவு என்று கம்ப்யூட்டரிடம் சொல்கிறது. விண்டோஸ் அதற்குரிய டிரைவரை ஏற்றுகிறது. பிறகு, டிஸ்க் எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்று சொல்லும் பார்ட்டிஷன் அட்டவணையைப் படிக்கிறது. பார்ட்டிஷனுக்குள் கோப்புகளை அடுக்கியிருக்கும் முறை என்டிஎஃப்எஸ்ஸா, எக்ஸ்ஃபேட்டா என்று பார்க்கிறது. எல்லாம் ஒத்துப்போனால்தான் ‘ஈ’ என்றோ ‘எஃப்’ என்றோ ஓர் எழுத்தைக் கொடுத்து ‘திஸ் பிசி’யில் காட்டுகிறது.

நமக்குத் தெரிவது இந்தக் கடைசிப் படி மட்டுமே. முதல் படியில் மின்சாரம் போதாமல் நின்றாலும், கடைசிப் படியில் எழுத்து கிடைக்காமல் நின்றாலும், ‘திஸ் பிசி’யில் ஒன்றும் இருக்காது. நாம் ‘எடுக்கல’ என்று சொல்லிவிடுவோம். எந்தப் படியில் நின்றது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. அதைக் கண்டுபிடிக்காமல் செய்கிற எந்த வைத்தியமும் சூதாட்டம்.

முதலில் கேபிளைச் சந்தேகப்படுங்கள், மனசார. யுஎஸ்பி 2 போர்ட் தரக்கூடியது 500 மில்லி ஆம்பியர். யுஎஸ்பி 3 போர்ட் 900 தரும். கையடக்க டிஸ்க் ஓடிக்கொண்டிருக்கும்போது அதிகம் கேட்காது. நின்ற நிலையிலிருந்து தகட்டைச் சுழற்றத் தொடங்கும் அந்தச் சில நொடிகளில்தான் அதற்கு நிறைய வேண்டும். அப்போது மின்சாரம் போதாவிட்டால் மோட்டார் முக்கும், விளக்கு எரியும், கம்ப்யூட்டரில் ஒன்றும் வராது. ‘லைட் எரியுதே’ என்று நாம் ஏமாந்துபோவோம். விளக்கு எரிய மிகக் கொஞ்சம் மின்சாரம் போதும். தகடு சுழல்கிறது என்பதற்கு அது சாட்சி ஆகாது.

டெஸ்க்டாப் வைத்திருப்பவர்கள் கேபினெட்டின் முன்பக்க போர்ட்டை விட்டுவிட்டுப் பின்பக்கத்தில் சொருகிப் பாருங்கள். முன்பக்கத்துக்கு மதர்போர்டிலிருந்து உள்ளே ஒரு வயர் இழுத்திருப்பார்கள். பின்பக்க போர்ட் மதர்போர்டிலேயே இருக்கிறது. மவுஸ், கீபோர்டு, பென்டிரைவ் எல்லாம் தொங்கும் யுஎஸ்பி ஹப்பில் டிஸ்க்கையும் மாட்டியிருந்தால் அதிலிருந்து எடுத்து நேராகச் சொருகுங்கள். கேபிளை மாற்றிப் பாருங்கள்.

அந்தக் கேபிளின் டிஸ்க் பக்க முனை இருக்கிறதே, அகலமாக, நடுவில் ஒரு பள்ளத்தோடு, அதுதான் பெரும்பாலான கையடக்க டிஸ்க்குகளின் பலவீனமான இடம். லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு, டிஸ்க் பக்கத்தில் தொங்க, மாதக்கணக்கில் வேலை செய்தால் அந்த முனை தளர்ந்துவிடும். அதைச் சோதிக்க ஒரு வழி உண்டு. அந்த அகலமான துளையின் பெரிய பாதி, பழைய ஆண்ட்ராய்டு போன்களின் மைக்ரோ யுஎஸ்பி கேபிளுக்குப் பொருந்தும் வடிவம்தான். சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிளாக இல்லாமல், டேட்டாவும் போகும் நல்ல போன் கேபிளை அதில் சொருகினால், வேகப் பின்கள் கெட்டுப்போன டிஸ்க்கும் யுஎஸ்பி 2 வேகத்தில் பல நேரம் எழுந்து வரும். மெதுவாகத்தான் வரும். ஆனால் வரும். வந்த உடனே வேறு இடத்துக்குக் காப்பி எடுத்துவிடுங்கள்.

பெரிய, மேசையில் வைக்கும் டிஸ்க்குகள் வேறு. அவற்றுக்கு 12 வோல்ட் தேவை, அதனால்தான் தனி அடாப்டர். ரவுட்டர், டிவி பாக்ஸ், பழைய லேப்டாப் என்று வீட்டில் இருக்கும் பல அடாப்டர்களின் முனையும் ஒரே மாதிரி இருக்கும். 19 வோல்ட் லேப்டாப் அடாப்டரை இதில் சொருகினால் போர்டு போய்விடும். ஒரு துண்டு பேப்பர் டேப்பில் ‘டிஸ்க் 12’ என்று எழுதி அந்த அடாப்டரில் ஒட்டிவைப்பது பெரிய விஷயமே இல்லை. தயவுசெய்து செய்யுங்கள்.

அடுத்தது காது. மின்விசிறியை நிறுத்திவிட்டு, டிஸ்க்கைச் சொருகி, அதன் மேல் காதை வையுங்கள். நல்ல டிஸ்க் மெல்லிய ரீங்காரத்தோடு வேகம் பிடிக்கும். ஒன்றிரண்டு சின்னச் சத்தத்தோடு ஹெட் இறங்கும், பிறகு சீராக ஓடும். கையில் லேசான அதிர்வும் தெரியும். சுழலவே இல்லாமல் ‘பீப்’ போலவோ, முனகல் போலவோ வந்தால் இரண்டு காரணம் இருக்கலாம். மின்சாரம் போதாமல் இருக்கலாம், அதனால் நல்ல போர்ட்டில் ஒருமுறை மாற்றிப் பாருங்கள். அங்கேயும் அதே சத்தம் என்றால் ஹெட் தகட்டோடு ஒட்டிக்கொண்டிருக்கலாம், மோட்டார் இறுகியிருக்கலாம். ‘டிக்… டிக்… டிக்…’ என்று ஒரே தாளத்தில் அடித்துக்கொண்டு, பிறகு நின்றுபோனால், ஹெட் தான் தேடுவதைக் கண்டுபிடிக்க முடியாமல் திரும்பத் திரும்ப முயல்கிறது என்று பொருள். இந்த இரண்டு சத்தத்தில் எது வந்தாலும் உங்கள் வேலை அங்கே முடிந்தது. கழற்றிவிடுங்கள். ‘இன்னொரு தடவை பார்ப்போமே’ என்று சொருகும் ஒவ்வொரு முறையும் சேதமான ஹெட் தகட்டை உரசலாம். தகட்டின் மேற்பூச்சு உரசிப் போனால், அங்கே இருந்த படத்தை உலகத்தில் எந்த ஆய்வகமும் திருப்பித் தர முடியாது.

சத்தம் சரியாக இருக்கிறது, ஆனாலும் காட்டவில்லை என்றால் நிலைமை நல்லது. ஸ்டார்ட் பட்டன் மேல் ரைட் கிளிக் செய்து டிஸ்க் மேனேஜ்மென்டைத் திறங்கள். திறந்ததும் ‘இனிஷியலைஸ் செய்யவா’ என்று ஒரு பெட்டி வந்தால் கேன்சல் கொடுங்கள். வெறுமனே பாருங்கள். டிஸ்க் அங்கே இருக்கிறதா? அதன் கொள்ளளவு சரியாகக் காட்டுகிறதா? 4 டிபி டிஸ்க் என்றால் விண்டோஸ் கணக்கில் சுமார் 3725 ஜிபி என்று காட்டும். குறைகிறதே என்று பயப்படாதீர்கள். தயாரிப்பாளர் ஆயிரத்தால் பெருக்குகிறார், விண்டோஸ் 1024-ஆல் வகுக்கிறது, அவ்வளவுதான். கொள்ளளவு சரியாக இருந்தால் டிஸ்க்கும் போர்டும் பேசிக்கொள்கின்றன என்று நம்பலாம். பூஜ்யம் என்றோ, ‘நோ மீடியா’ என்றோ, சம்பந்தமில்லாத ஓர் எண்ணோ காட்டினால், போர்டு மட்டும் பேசுகிறது, பின்னால் இருக்கும் டிஸ்க் பதில் சொல்லவில்லை.

பார்ட்டிஷன் நலமாக இருந்து எழுத்து மட்டும் இல்லாமல் இருப்பது ரொம்ப சகஜம். அலுவலக நெட்வொர்க் டிரைவ் அதே எழுத்தைப் பிடித்துக்கொண்டிருக்கலாம். ரைட் கிளிக் செய்து வேறு எழுத்து கொடுத்தால் முடிந்தது. ‘ஆஃப்லைன்’ என்று இருந்தால் ஆன்லைன் ஆக்கலாம். ஒரு டிஸ்க்கை அச்சு அசலாக நகலெடுத்து, இரண்டையும் ஒரே நேரத்தில் மாட்டினால் இரண்டின் அடையாள எண்ணும் ஒன்றாக இருப்பதால் விண்டோஸ் ஒன்றை ஆஃப்லைனில் வைத்துவிடும். டிஸ்க் மேனேஜ்மென்டிலும் இல்லை என்றால் டிவைஸ் மேனேஜர். அங்கே மஞ்சள் முக்கோணத்தோடு ‘கோட் 43’ என்று நின்றால், அந்தக் கருவியை அன்இன்ஸ்டால் செய்து, கழற்றி, கம்ப்யூட்டரை மறுபடி இயக்கிச் சொருகிப் பாருங்கள். இதில் டிஸ்க்கில் உள்ளது எதுவும் அழியாது, கம்ப்யூட்டர் வைத்திருக்கும் டிரைவர் பதிவு மட்டும்தான் போகும்.

ஐடி கம்பெனியில் வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அலுவலக லேப்டாப்பில் உங்கள் டிஸ்க் வரவில்லை என்றால் டிஸ்க்கைக் குறை சொல்லாதீர்கள். பல நிறுவனங்கள் யுஎஸ்பி சேமிப்பை மொத்தமாக மூடிவைத்திருக்கின்றன. மவுஸ் வேலை செய்யும், டிஸ்க் செய்யாது. வீட்டுக் கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டுப் பேசுங்கள். மேக்கின் சொந்த முறையில் ஃபார்மட் செய்த டிஸ்க்கை விண்டோஸ் தானாகப் படிக்காது, லினக்ஸின் எக்ஸ்ட்4 டிஸ்க்கையும் அப்படித்தான். அப்படிப்பட்ட டிஸ்க்கைச் சொருகினால் விண்டோஸ், தனக்குப் புரியவில்லை என்று சொல்லாமல், ‘பயன்படுத்தும் முன் ஃபார்மட் செய்ய வேண்டும்’ என்றுதான் பல நேரம் சொல்லும்.

அந்த வாசகத்தின் மேல் எனக்குக் கோபம் உண்டு. ‘இதில் உள்ளதை என்னால் படிக்க முடியவில்லை. உள்ளே உங்கள் கோப்புகள் இருக்கலாம்’ என்று எழுதியிருந்தால் எத்தனை குடும்பங்களின் படங்கள் தப்பியிருக்கும்! ஃபார்மட் செய்தால்தான் டிஸ்க் திறக்கும், திறந்தால் உள்ளே இருப்பது தெரியும் என்று நினைத்து அமுக்கியவர்களை எனக்குத் தெரியும். அவர்கள்மேல் தவறில்லை. அந்தப் பெட்டி அப்படித்தான் பேசுகிறது.

சில டிவிகளும் செட்டாப் பாக்ஸ்களும் இதைவிட மோசம். நிகழ்ச்சியைப் பதிவுசெய்ய டிஸ்க்கை மாட்டச் சொல்லி, தங்கள் முறைப்படி ஃபார்மட் செய்துகொள்ளும். குடும்பப் படங்கள் உள்ள டிஸ்க்கைப் படம் பார்க்க டிவியில் மாட்டாதீர்கள். அதற்கென்று ஒரு பென்டிரைவ் வைத்துக்கொள்ளுங்கள்.

பாளையங்கோட்டையில் ஸ்டுடியோ வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர், ஒரு மாலை நேரத்தில் கூப்பிட்டார்.

“தம்பி, டிஸ்க்கச் சொருகினா ஃபார்மட் பண்ணவான்னு கேக்கு. பண்ணிரட்டுமா?”

“வேண்டாம் அண்ணாச்சி. ஒண்ணையும் அமுக்காதீங்க. அப்படியே கழட்டி வையுங்க, நான் வாரேன்.”

“நாளைக்குப் பொண்ணு வீட்டுக்காரங்க ஆல்பத்துக்குப் படம் பார்க்க வாராங்களே.”

“ஒரு நாள் தள்ளிச் சொல்லுங்க அண்ணாச்சி. படம் இருந்தாத்தானே ஆல்பம்.”

4 டிபி டிஸ்க். ஆல்பம் வடிவமைப்பவரிடம் மேக் இருக்கிறது, ஸ்டுடியோவில் விண்டோஸ். மேக், என்டிஎஃப்எஸ்ஸைப் படிக்கும், ஆனால் அதில் எழுதாது. பழைய ஃபேட்32-இல் 4 ஜிபிக்கு மேல் ஒரு கோப்பு வைக்க முடியாது, கல்யாண வீடியோ அதற்குள் அடங்காது. எனவே எல்லா ஸ்டுடியோக்களையும் போல இவரும் எக்ஸ்ஃபேட்தான் வைத்திருந்தார். மைக்ரோசாஃப்ட் 2006-இல் கொண்டுவந்த இந்த முறை இரண்டு பக்கமும் எழுதும், பெரிய கோப்பும் தாங்கும். ஆனால், எழுதப் போவதை முன்கூட்டிக் குறித்துவைக்கும் ஏற்பாடு, அதாவது ஜர்னல், என்டிஎஃப்எஸ்ஸில் உண்டு, எக்ஸ்ஃபேட்டில் இல்லை. எழுதிக்கொண்டிருக்கும்போது கேபிள் கழன்றாலோ கரண்ட் போனாலோ அட்டவணை பாதியில் நிற்கும். அங்கே நடந்ததும் அதுதான். மண்டபத்திலிருந்து வந்த மெமரி கார்டைக் காப்பி போட்டுக்கொண்டிருந்தபோது கரண்ட் போயிருக்கிறது. யுபிஎஸ்ஸின் பேட்டரி எப்போதோ போய்விட்டது.

டிஸ்க் மேனேஜ்மென்டில் பார்த்தேன். கொள்ளளவு சரி. பார்ட்டிஷன் இருக்கிறது. ஆனால் எக்ஸ்ஃபேட் என்று வரவேண்டிய இடத்தில் ‘ரா’ என்று, அதாவது எந்த முறை என்று விண்டோஸுக்குப் புரியவில்லை என்று, நின்றது. டிஸ்க்கின் சத்தம் சீராக இருந்தது. அடுத்து ஸ்மார்ட் அறிக்கை. ஒவ்வொரு டிஸ்க்கும் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் அதைப் பார்க்கலாம். நான் முதலில் பார்ப்பது மூன்று வரிகளை. 05 என்பது கெட்டுப்போய் மாற்றி வைக்கப்பட்ட செக்டர்கள், அதாவது தகட்டின் சின்னச் சின்னப் பகுதிகள். சி5 என்பது படிக்கச் சிரமப்பட்டு, முடிவுக்குக் காத்திருப்பவை. சி6 என்பது படிக்கவே முடியாதவை. சி5 பூஜ்யத்துக்கு மேலே போய், நாளுக்கு நாள் ஏறினால் அந்த டிஸ்க்கை நம்பாதீர்கள். சி7 மட்டும் ஏறியிருந்தால் பெரும்பாலும் இணைப்பில் கோளாறு, தகட்டில் இல்லை. அண்ணாச்சியின் டிஸ்க்கில் மூன்று வரியும் பூஜ்யம். தகடு நலம், அட்டவணைதான் குழம்பியிருக்கிறது.

இந்த இடத்தில்தான் பலரும் விண்டோஸோடு வரும் செக்டிஸ்க்கை ஓட்டச் சொல்வார்கள். அண்ணாச்சியிடமும் யாரோ சொல்லியிருந்தார்கள். செக்டிஸ்க்கின் நோக்கம் அட்டவணையை ஒழுங்காக்குவது, உங்கள் படத்தைக் காப்பாற்றுவது அல்ல. முரண்படும் கோப்புகளை வெட்டி, பெயரில்லாத துண்டுகளாக ஒரு ஃபோல்டருக்குள் போட்டுவிட்டு, ‘சரியாகிவிட்டது’ என்று சொல்லும். தகடு கெட்டுக்கொண்டிருக்கும் டிஸ்க்கில் ஓட்டினால், முழு டிஸ்க்கையும் அலசும் அந்த உழைப்பே அதைக் கொன்றுவிடலாம். வேறு இடத்தில் நகல் இருந்தால் செக்டிஸ்க் ஓட்டலாம். ஒரே பிரதி என்றால் தொடவே கூடாது.

என் வழி எப்போதும் முதலில் முழு நகல். அசல் டிஸ்க்கில் ஒரு எழுத்தும் எழுதாமல், முதல் செக்டரிலிருந்து கடைசி செக்டர் வரை இன்னொரு டிஸ்க்குக்குப் படியெடுத்து, எல்லாச் சோதனையும் அந்த நகலில் செய்வது. இதற்கு அதே அளவிலோ அதைவிடப் பெரிதாகவோ இன்னொரு டிஸ்க் வேண்டும்.

“இன்னொண்ணு வாங்கணுமா தம்பி?”

“வாங்கணும் அண்ணாச்சி. இந்த வேலை முடிஞ்சதும் அது உங்களுக்கு ரெண்டாவது காப்பிக்கு ஆகும். எப்படியும் வேணும்.”

பென்டிரைவிலிருந்து உபுண்டு என்ற லினக்ஸை ஏற்றி, டிடிரெஸ்க்யூ என்ற நிரலை ஓட்டினேன். அன்டோனியோ டியாஸ் டியாஸ் என்பவர் எழுதி, எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்திருப்பது. அதன் அழகு என்னவென்றால், படிக்க முடியாத இடம் வந்தால் அங்கேயே நின்று முட்டிக்கொள்ளாது. தாண்டிப் போய், எளிதாகக் கிடைப்பதையெல்லாம் முதலில் எடுத்துவிட்டு, கடைசியில்தான் சிரமமான இடங்களுக்குத் திரும்பும். எதுவரை எடுத்தோம் என்று ஒரு கோப்பில் குறித்துவைப்பதால், கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். விண்டோஸிலிருந்து செய்யாமல் இப்படிச் செய்வதற்குக் காரணம் உண்டு. விண்டோஸ் தன்னால் படிக்க முடிந்த டிஸ்க்கில் நம்மைக் கேட்காமலேயே தன் ஃபோல்டரை எழுதிவைக்கும்.

4 டிபியை நொடிக்கு 100 எம்பி வேகத்தில் படித்தாலும் 11 மணி நேரம் ஆகும். யுஎஸ்பி 2 போர்ட் என்றால் ஒரு நாளுக்கு மேல். இதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் உட்கார்ந்திருப்பவருக்கு ஒவ்வொரு மணி நேரமும் நெஞ்சு அடைக்கும்.

நகல் முடிந்ததும் டெஸ்ட்டிஸ்க். பிரான்சின் கிறிஸ்டோஃப் கிரெனியே எழுதிய, இதுவும் இலவசமான நிரல். கறுப்புத் திரையில் வெறும் எழுத்துகளாக வருவதால் பலர் பயந்து விலகுகிறார்கள். பயப்படத் தேவையில்லை. சிதைந்த எக்ஸ்ஃபேட் பார்ட்டிஷனிலிருந்தும் ஃபோல்டர்களைப் பட்டியல் போட்டு, வேறு இடத்துக்குக் காப்பி எடுக்கும். பட்டியல் வந்தது. தை, மாசி, பங்குனி என்று மாதவாரியாக, மணமக்கள் பெயரோடு, அண்ணாச்சி வைத்திருந்த அதே ஒழுங்கில். கடைசியாக எழுதிக்கொண்டிருந்த ஃபோல்டர் மட்டும் பாதியில் நின்றது. அதன் மெமரி கார்டு இன்னும் அழிக்கப்படாமல் மேசையிலேயே இருந்தது. அதை அழிக்காமல் வைத்திருந்த உதவிப் பையனை நான் மனதாரப் பாராட்டினேன்.

டெஸ்ட்டிஸ்க்கால் முடியாதபோது அதனோடு வரும் ஃபோட்டோரெக் இருக்கிறது. அது ஃபோல்டர் அட்டவணையைப் பார்க்காது. தகடு முழுக்கத் தேடி, ஜேபெக் படம் தொடங்கும் அடையாளத்தைக் கண்ட இடத்திலெல்லாம் ஒரு படத்தை எடுத்துப் போடும். படம் வரும், பெயர் வராது, ஃபோல்டர் வராது. ஒரு வீட்டின் படங்கள் என்றால் பரவாயில்லை. ஸ்டுடியோ டிஸ்க்கில் எத்தனையோ கல்யாணங்களின் தாலிகட்டுப் படங்கள் ஒன்றோடொன்று கலந்து வந்தால் பிரித்தெடுப்பது யார்? அதனால்தான் அதை நான் கடைசியில் வைக்கிறேன். பல கடைகளில் முதலில் ஓட்டுவதே அந்த வகை மென்பொருளைத்தான்.

ஏற்கெனவே ஃபார்மட் ஆகிவிட்டது என்றால்? குயிக் ஃபார்மட் என்றால் நம்பிக்கை இருக்கிறது. அது அட்டவணையை மட்டும் புதிதாக எழுதும், பழைய படங்கள் தகட்டில் அப்படியே கிடக்கும். மேலே புதிதாக எதையும் போடாமல் உடனே நிறுத்துங்கள். ஆனால் விண்டோஸ் விஸ்டா தொடங்கி, முழு ஃபார்மட் என்பது டிஸ்க் முழுவதும் பூஜ்யத்தை எழுதுகிறது. அது முடிந்தால் முடிந்ததுதான். எஸ்எஸ்டி வைத்திருப்பவர்கள் இன்னும் கவனம். அழித்த இடம் இனி தேவையில்லை என்று கம்ப்யூட்டர் எஸ்எஸ்டியிடம் சொல்லும் ட்ரிம் என்ற ஏற்பாடு இருப்பதால், குயிக் ஃபார்மட்டுக்குப் பிறகும் அதில் ஒன்றும் மிஞ்சாமல் போகலாம்.

கேஸை உடைத்து டிஸ்க்கை வெளியே எடுத்து வேறு கேஸில் போடுவது பற்றி: பழைய வகைகளில் உள்ளே சாதாரண சாட்டா டிஸ்க்கும், அதன் தலையில் ஒரு சின்ன யுஎஸ்பி போர்டும் இருக்கும். போர்டு மட்டும் போயிருந்தால் டிஸ்க்கை நேராகக் கம்ப்யூட்டரில் மாட்டிப் படித்துவிடலாம். இப்போது வரும் பல கையடக்க டிஸ்க்குகளில் யுஎஸ்பி துளை டிஸ்க்கின் மெயின் போர்டிலேயே இருக்கிறது. மாட்டுவதற்கு சாட்டா முனையே கிடையாது. சிலவற்றில் நீங்கள் பாஸ்வேர்டு போடாவிட்டாலும் போர்டு எல்லாவற்றையும் பூட்டித்தான் எழுதுகிறது. அந்தப் போர்டு இல்லாமல் தகட்டில் இருப்பது வெறும் குப்பை எழுத்து. இன்னும் சிலவற்றில் கேஸின் போர்டு செக்டர் அளவை மாற்றிச் சொல்லியிருக்கும், வெளியே எடுத்ததும் பார்ட்டிஷன் அட்டவணை புரியாமல் ‘காலி’ என்று காட்டும். அப்படிக் காட்டினால் பதறாமல் பழைய கேஸிலேயே திருப்பிப் போடுங்கள். உடைத்த கேஸின் போர்டைக் குப்பையில் போடாதீர்கள்.

டிஸ்க்கின் உலோக மூடியை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் திறக்கக் கூடாது. ஓடும்போது ஹெட்டுக்கும் தகட்டுக்கும் உள்ள இடைவெளி சில நானோமீட்டர். வீட்டுத் தூசி ஒன்றின் பருமன் அதைப் போல ஆயிரம் மடங்குக்கும் மேல். அதனால்தான் தூசி வடிகட்டிய தனி அறை வேண்டும். ஃப்ரீசரில் வைத்து எடுப்பதும் வேண்டாம், உள்ளே ஈரம் படியும். மேசையில் தட்டுவதும் வேண்டாம். அதே மாடலின் போர்டை வாங்கி மாற்றுவதும் இப்போது பெரும்பாலும் பலிக்காது. ஒவ்வொரு டிஸ்க்குக்கும் உரிய அளவீடுகள் அதன் போர்டில் உள்ள சிப்பில் எழுதப்பட்டிருக்கின்றன. அந்தச் சிப்பையும் சேர்த்து மாற்ற வேண்டும்.

சென்னை ரிச்சி தெருவிலும் மற்ற ஊர்களிலும் டேட்டா ரெக்கவரி செய்யும் கடைகள் பல. கைத்திறன் உள்ளவர்கள் அங்கே இருக்கிறார்கள், இதை நான் மரியாதையோடு சொல்கிறேன். ஆனால் டிஸ்க்கைக் கொடுக்கும் முன் கேளுங்கள்: முதலில் நகல் எடுத்து நகலில் வேலை செய்வீர்களா, அசலிலேயே மென்பொருளை ஓட்டுவீர்களா? ஹெட் மாற்ற வேண்டுமென்றால் இங்கேயே திறப்பீர்களா, தூசியில்லா அறை உள்ள இடத்துக்கு அனுப்புவீர்களா? கோப்புப் பட்டியலைக் காட்டிய பிறகுதான் பணமா? இதற்கு நேராகப் பதில் சொல்லாத கடையிலிருந்து டிஸ்க்கைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். டிக் டிக் சத்தம் போடும் ஒரு டிஸ்க்கை இரவு முழுக்க ஓடவிட்டு, காலையில் ‘சார், டெட்’ என்று திருப்பிக் கொடுத்த கடையை நான் பார்த்திருக்கிறேன். முந்தைய மாலை வரை அது உயிரோடு இருந்தது.

அண்ணாச்சி இப்போது புதிய டிஸ்க்கில் இரண்டாவது பிரதி வைத்திருக்கிறார், அதை ஸ்டுடியோவில் வைக்காமல் வீட்டில் வைத்திருக்கிறார். ஆல்பம் கைக்குப் போகும்வரை மெமரி கார்டை அழிப்பதில்லை. யுபிஎஸ்ஸுக்கு பேட்டரி மாற்றிவிட்டார். புகைப்படக்காரர்களுக்காக அமெரிக்காவின் பீட்டர் க்ரோக் சொன்ன 3-2-1 முறையில் பெரும்பகுதி இதுதான்: மூன்று பிரதி, இரண்டு வகைச் சேமிப்பு, ஒன்று வெளி இடத்தில்.

யாரிடம் உதவி கேட்டாலும் ‘டிஸ்க் எடுக்கல’ என்று மட்டும் சொல்லாதீர்கள். சொருகியதும் என்ன சத்தம் வருகிறது, வேறு கேபிளிலும் வேறு கம்ப்யூட்டரிலும் என்ன ஆயிற்று, டிஸ்க் மேனேஜ்மென்டில் கொள்ளளவு எவ்வளவு காட்டுகிறது, கடைசியாக அதில் என்ன செய்துகொண்டிருந்தீர்கள், அதற்குப் பிறகு எதையாவது அமுக்கினீர்களா என்று சொல்லுங்கள். கடைசிக் கேள்விக்கு மறைக்காமல் பதில் சொல்லுங்கள். குயிக் ஃபார்மட் ஆகியிருந்தாலும் அதைத் தெரிந்துகொண்டு செய்தால் மீட்க வழி இருக்கலாம்.